தொப்பியை மறந்த அதிகாரி

மாவட்டத்தின் சுற்றுலாப் பாதையில் சோலோவ்கா கிராமமும் சேர்ந்தால் ஊருக்குப் பேருந்து ஓடும். சேராவிட்டால் இந்த மாதத்தோடு சரி. பேருந்து இல்லாத ஊரில் வயதான கபித்தோலினாவும் அவள் கணவனும் எப்படிக் குடியிருப்பது? வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் மகன் வீட்டு எட்டாம் மாடியில் போய் முடங்க வேண்டியதுதான். 

அதனால்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த ரோடியோன் சவேலிச்சை அவள் விடாமல் இழுத்துக்கொண்டு அலைந்தாள். கூரையில்லாத தேவாலயம், இறக்கை உடைந்த காற்றாலை, போரில் இறந்தவர்களின் நினைவுத்தூண். மனிதர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

“கபா அத்தை, கோவிச்சுக்காதீங்க. பக்கத்து ஊர்லயும் இதேதான் இருக்கு. அங்க கூரையாவது இருக்கு.”

“கூரை எதுக்கு? நம்ம கோயில்ல வானமே தெரியுதே!”

அவரிடம் அவள் பருப்பு வேகவில்லை. வாசலில் தேநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறியவர், மறந்துவிட்ட தொப்பிக்காகத் திரும்பி வந்தார். எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தவரைக் கபித்தோலினா மறித்தாள்.

“மறந்ததை எடுக்கத் திரும்பி வந்துட்டு கண்ணாடி பாக்காமப் போவீங்களா? அபசகுனம்! வழியில ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும்!”

“கார்ல கண்ணாடி இருக்கு.”

“அது செல்லாது. பொருளை விட்ட வீட்லதான் பாக்கணும். உங்கம்மா சொல்லித் தரலியா?”

சொல்லித் தந்திருந்தாள் போலும். படித்த மனிதர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அப்புறம்தான் கபித்தோலினாவுக்கு உறைத்தது. உள்ளே ஓடு பதித்த அந்தப் பழைய கணப்படுப்பு, அதன் முகப்பில் வரிசையாகக் காயப்போட்ட கணவன் யெஃபீமின் காலுறைகள். மானம் போயிற்று! புது அடுப்பு வைக்க வக்கில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவாரே என்றுதான் அவரை வாசலிலேயே உட்காரவைத்திருந்தாள்.

ரோடியோன் சவேலிச் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். காலுறைகளுக்கு நடுவே நீல எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. படிக்க முடியாமல் திரும்பி, ஒரு காலுறையை விரலால் தூக்கினார். அடுப்பின் வெள்ளை ஓட்டில், நீலச் சித்திரமாக, ஒரு சீமான் பன்றிமேல் சவாரி போனான். கீழே, ‘மெல்லத்தான் போகிறேன், உனக்கென்ன?’ அடுத்த ஓட்டில் மேளமடிக்கும் கரடி.

“இது எந்தக் காலத்து அடுப்பு, அத்தை?”

“இருநூறு வருஷத்துக்கு முன்ன பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்தப்பவே இது பழசும்பாங்க. தப்பா நினைக்காதீங்க, பனி உருகினதும் இடிச்சிடறோம்.”

“இடிக்கிறதா!” அவர் போட்ட சத்தத்தில் பூனை எகிறி ஓடியது. “இதை உள்ள ஒளிச்சு வச்சுட்டு உடைஞ்ச காத்தாலையைக் காட்டினீங்களே, உங்களை என்ன பண்றது!”

மண்டியிட்டு ஒவ்வொரு ஓடாகப் படித்துச் சிரித்தார். பிறகு கேட்டார், “ஒரு பஸ் ஆளுங்க வந்தா இந்த அறை தாங்குமா?”

 கபித்தோலினாவுக்கு ஆனந்தம் தாளவில்லை. ஜன்னலைத் திறந்து, கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த கணவனைப் பார்த்துக் கத்தினாள்.

“யெஃபீம்! நாம எங்கயும் போகலய்யா!”