நடுவில் நிற்காத வண்டி

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் ரயில் நல்லதா பஸ் நல்லதா என்ற கேள்விக்காக என் வீட்டில் எவ்வளவு பிளேன்டீ செலவாகியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஊர் பெருத்துவிட்டது, காலையில் வீதியில் வண்டி நகரவில்லை, ஏதாவது செய்தாக வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. இருக்கிற தண்டவாளத்தில் சின்ன ரயில் பஸ்களை அடிக்கடி விடலாம் என்றது ஒரு கட்சி. வீதியை அகலமாக்கி பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கலாம் என்றது மறு கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர் நடராஜா மாஸ்டர். மறு கட்சிக்குத் தலைவர் என் கணவர் மர்சூக். இரண்டு கட்சிக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் நான், றமீஸா.

மர்சூக்குக்குக் கண்டி வீதியில் ஓடும் பஸ் ஒன்று சொந்தமாக இருந்தது. அவர் பஸ்ஸுக்காகப் பேசியதில் அதிசயம் இல்லை. மாஸ்டர் எதற்காக ரயிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் சந்திரகாந்தா கண்டியில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். காலையில் ரயிலில் போவாள். மாலை ரயில் அவள் வேலை முடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடும் என்பதால் திரும்பி வருவது எங்கள் பஸ்ஸில்தான்.

"அக்குறணையில தண்டவாளம் ஈக்கிதா மாஸ்டர்?" என்று மர்சூக் ஆரம்பிப்பார். "ரயில் வத்தேகமப் பக்கமா சுத்திப் போற. அக்குறணையில நிக்கிற சனம் என்ன செய்ற, பறந்து வந்து ஏறுறதா?"

"அவங்களுக்கு பஸ் இருக்கட்டும் நானா. ரயில் பஸ் விட்டா ரயில்ல போறவங்க ரயில்ல போகட்டுமே" என்பார் மாஸ்டர். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல அவரும் மர்சூக்கை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"பஸ்ஸெண்டா கையக் காட்டின இடத்தில நிக்கும்."

"ரயில் ஸ்டேஷனைத் தவிர வேற எங்கயும் நிக்காது. அதுதாங்க அதோட விசேஷம்."

"நிக்காம போறதும் ஒரு விசேஷமா?" என்று மர்சூக் தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். மாஸ்டர் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

என் கணவருக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். எங்கள் பஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை ஓட்டம் கிடையாது. ஜும்ஆ முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பஸ்ஸைக் கழுவுவார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு கழுவுவார் என்று நான் கேலி செய்வேன். அந்த வருடம் அவருக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. ஜன்னல் கம்பிகளில் யாரோ ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். சிவப்பு, கறுப்பு, மெரூன், சிலதில் நடுவே வெள்ளைக் கல். அவர் வாய்க்குள் ஏசிக்கொண்டே பிளேடால் சுரண்டி எடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சுரண்டியதையெல்லாம் பேப்பர்த் துண்டு ஒன்றில் போட்டு, தேத்தண்ணி குடிக்க வந்த மாஸ்டருக்கு முன்னால் வைத்தார்.

"பாருங்க மாஸ்டர். உங்கட பொம்புளப் புள்ளைகளுக்குக் கொஞ்சம் செல்லி வைங்க. நெத்தியில வைக்கிறத ஏன் என்ட பஸ்ஸில ஒட்டுற?"

மாஸ்டர் அதைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பேப்பரைக் கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். தேத்தண்ணியில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது, நீங்கள் வாயை அடக்கியிருக்கலாம் என்று நான் மர்சூக்கைக் கடிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் நடந்தது. எந்தத் திட்டத்தை மேலிடத்தில் கேட்பது என்று கைதூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் காக்கி உடுப்புக்காரர்களும் இருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மர்சூக் சிங்களத்தில் வெளுத்துக் கட்டினார். அக்குறணையைச் சொன்னார், அலவத்துகொடையைச் சொன்னார், மழையில் கைக்குழந்தையோடு ரயில் நிலையத்துக்கு நடக்கிற தாயைச் சொன்னார். கைதட்டல் அடங்கவே நேரம் எடுத்தது.

பிறகு மாஸ்டர் எழுந்தார். அவருடைய சிங்களம் என் கணவருடையதைவிடச் சுத்தம். எண்ணெய்ச் செலவு, புகை, நேரம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில், ரயில் நடுவழியில் நிற்காது என்றார். பின்னாலிருந்து ஒருவர், நடுவழியில் நிற்காததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். முன்வரிசையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸுக்குத்தான் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மர்சூக் சந்தோஷமாக இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, சந்திரகாந்தா வீடு திரும்பவில்லை. எங்கள் பஸ் வந்து சேர்ந்தது, அவள் இல்லை. யுத்த காலம் என்பதால் வழியில் போட்டிருந்த சோதனைச் சாவடியில் எல்லாரையும் போல இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். அவளை மட்டும் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். டிரைவர் காத்திருந்து பார்த்திருக்கிறார். உள்ளே சனம் சத்தம் போட்டிருக்கிறது, பின்னால் வண்டிகள் ஹோன் அடித்திருக்கின்றன. பஸ் புறப்பட்டுவிட்டது. மர்சூக்கும் மாஸ்டரும் ஒரே ஆட்டோவில் ஏறி ஓடினார்கள். சாவடிக்கும் பொலிஸுக்குமாக அலைந்து, மறுநாள் மத்தியானம்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது.

அவள் அதன்பிறகு வேலைக்குப் போகவில்லை. வெளியேயும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் இடியப்பமும் கறியும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். மாஸ்டர் கடைக்குப் போயிருந்தார். அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "ஏன் மகள், பொட்டுக்கூட வைக்காம?" என்று கேட்டுவிட்டேன்.

"அது உங்க பஸ்ஸுல இருக்குங்க, ஆன்ட்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"செக்கிங் வர்றதுக்கு முந்தியே நாங்க எல்லாரும் கழட்டி ஜன்னல் கம்பியில ஒட்டிருவோம். எல்லா நாளும் ஐடி பாக்க மாட்டாங்க. மொகத்தப் பாத்துத்தான் கூப்பிடுவாங்க, பொட்டு இருந்தா தமிழ்னு தெரிஞ்சிரும். அந்தப் பக்கம் போயி பஸ்ஸுல ஏறினதும் எடுத்து வச்சுக்குவோம். வெறும் நெத்தியோட வீட்டுக்குப் போனா அப்பா ஏன்னு கேப்பாருல்ல. அவருக்குத் தெரிய வேணாம்னு நெனச்சோம்."

மாஸ்டருடைய சட்டைப் பை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை. மகளும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப மகள், எங்கட பஸ்ஸில மிஞ்சிக் கெடக்குறதெல்லாம்?"

"சிலது மறந்துபோனதுங்க" என்றாள். பிறகு, "மத்தது திரும்பி ஏறாதவங்களோடது" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது மர்சூக் பஸ்ஸுக்குள் பிளேடோடு நின்றார். நான் படியில் நின்றபடியே சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரேயொரு மெரூன் பொட்டு இருந்தது. பிறகு சீட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையைப் போல அழுதார். கல்யாணம் முடித்த நாள் முதல் அவர் அழுது நான் கண்டதில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை எத்தனை பிள்ளைகளைச் சுரண்டித் தள்ளியிருக்கிறோம்.

ஈரச் சாரத்தோடேயே மாஸ்டர் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் பின்னால் ஓடினேன். மாஸ்டர் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் என்னிட்டச் செல்லல்ல?" என்று மர்சூக் கேட்டார். "கூட்டத்தில செல்ல ஏலா, சரி. என்னிட்டச் செல்லியிருக்கலாமே."

"உங்க பஸ்ஸு நானா. நீங்க பெத்த புள்ள மாதிரிக் கழுவுறீங்க. அதுல ஏறப் பயமா இருக்குன்னு உங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது?" என்றார் மாஸ்டர். "ரயிலுன்னா ஏறுற எடத்துல ஒரு தடவ பாப்பாங்க. அங்க நம்மளத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நடுரோட்டுல எறக்கிவிட்டுட்டு வண்டி போயிராதுல்ல."

மர்சூக் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த கூட்டத்தில நான் எழும்பிச் செல்றேன். ரயில்தான் வேணும் எண்டு நானே செல்றேன். அக்குறணைச் சனம் என்ன ஏசினாலும் பரவாயில்ல."

மாஸ்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. உள்ளே, சாத்தியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க நானா" என்றார். "ஆனா இனி ஏறுறதுக்கு எங்க வீட்டுல ஆளில்ல."