பதினாலு ஸ்வரத்துக்கு ஒரு நாற்காலி

என் மனைவியின் அண்ணன் எங்கள் சிம்பொனி இசைக்குழுவுக்கு மேலாளராக வந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று என்னை வாழ்த்தாதவர்கள் இல்லை. அவர் எவ்வளவு நேர்மையானவர் என்று அவர்களுக்குத் தெரியாது. நேர்மையான சொந்தக்காரரைப் போல ஓர் ஆபத்து உலகத்தில் கிடையாது. பாரபட்சம் இல்லை என்று காட்ட அவர் கைக்கு முதலில் அகப்படுவது நம் கழுத்துதான்.

வந்த இரண்டாவது மாதமே ஓர் அட்டவணை போட்டார். சீசன் முழுவதும், சிம்பொனி கச்சேரிகளில் யார் எத்தனை ஸ்வரம் வாசிக்கிறார்கள் என்று. முதல் வயலின்காரர் லட்சத்தில் இருந்தார். கடைசி வரியில் நான். நான் ஊதுவது டியூபா. பித்தளை வாத்தியங்களில் அதுதான் பெரிசு, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஊதவேண்டும். சினிமா இசைக் கச்சேரி என்றால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சிம்பொனி என்றால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, நாலு ஸ்வரமோ பத்து ஸ்வரமோ ஊதிவிட்டு எழுந்து வருவேன்.

"கடைசிக் கச்சேரி சிம்பொனியில உங்களுக்கு பதினாலு, மாப்பிள்ளை" என்றார், தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு. "நானே ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"அப்படித்தான் எழுதியிருக்கு, மச்சான்."

"எழுதினவர் மேல எனக்குக் கோபமில்ல. ஆனா பதினாலு ஸ்வரத்துக்கு ஒரு நிரந்தர நாற்காலியா? சினிமா கச்சேரிக்கு மட்டும் உங்களைக் கூப்பிட்டுக்கறோம். மத்த நாள்ல அதை கீபோர்டுல வாசிச்சுடலாம். நீங்க வேற ஆளா இருந்தாகூட யோசிச்சிருப்பேன். என் தங்கச்சி வீட்டுக்காரரா போயிட்டீங்க. நாலு பேர் என்ன சொல்வாங்க?"

சீசனின் கடைசிக் கச்சேரியோடு என் நாற்காலி போகும் என்று முடிவாயிற்று. பதினெட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. கோபம் வரும் என்று பார்த்தேன், அழுகைதான் வந்தது. "உங்க ரெண்டு பேர் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்று சொன்ன என் மனைவி, அன்றிலிருந்து அண்ணனின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசிக் கச்சேரியில் முதல் பாதி சிம்பொனி, அடுத்த பாதி சினிமா இசை. அரங்கம் நிரம்பி வழிந்தது. மச்சான் மூன்றாவது வரிசையில், மடியில் அட்டவணையோடு.

சிம்பொனியின் கடைசிப் பகுதியில் நான் நூற்று முப்பத்தாறு ஆவர்த்தனம், அதாவது அத்தனை தாளச் சுற்று, சும்மா இருந்து, அடுத்ததில் பக்கத்துப் பித்தளைக் குழல்களான மூன்று டிராம்போன்களோடு சேர்ந்து நுழையவேண்டும். சும்மா என்றால் நிஜமாகச் சும்மா இல்லை. ஒன்று விடாமல் எண்ணவேண்டும். முழங்காலில் விரல் மடக்கி நான் எண்ணுவேன். டிராம்போன்காரர்கள் மூவரும் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு, என் விரலைப் பார்த்தே வருஷக்கணக்காகக் காலம் தள்ளுகிறவர்கள்.

நூற்றுப் பன்னிரண்டில் வந்தது வினை. ஹார்ன் என்ற வளைந்த குழலை ஊதுகிறவர்களில் முதலாமவர் நாலு ஆவர்த்தனம் முன்னாலேயே நுழைந்துவிட்டார். அவரை நம்பி வயலின்கள் தாவின, செல்லோக்கள் தாவவில்லை. ஒரே மேடையில் இரண்டு இசைக்குழு. குச்சி ஆட்டி எங்களை நடத்தும் கண்டக்டர், சிரித்து யாரும் பார்த்திராத அம்மாள். அவர் முகம் வெளுத்து அன்றுதான் பார்த்தேன். குச்சி ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் எந்த ஆவர்த்தனத்துக்கு என்று அவருக்கே தெரியவில்லை. கத்திச் சொல்லவும் முடியாது.

அவர் கண் எங்கள் மூலைக்கு வந்தது. மூன்று டிராம்போன்காரர்களும் என் முழங்காலையே பார்ப்பதைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

நான் கையை நெஞ்சுக்கு உயர்த்தினேன். ஐந்து விரல். நாலு. அவருடைய இடது கையும் எழுந்தது. மூன்று. எண்பது பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இரண்டு. ஒன்று.

அடிவயிற்றிலிருந்து ஊதினேன். மேடைப் பலகை அதிர்ந்தது. வயலின்கள் வந்து விழுந்தன, செல்லோக்கள் விழுந்தன, ஹார்ன்காரர் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார். என் நாலாவது ஸ்வரம் முடிவதற்குள் நாங்கள் ஒரே குழு. மிச்சம் பத்தையும் வெளுத்து வாங்கினேன்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண்டக்டர் அம்மாள் நேராக என்னிடம் வந்து, கையைப் பிடித்து எழுப்பினார். வயலின்காரர்கள் வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார்கள், மற்றவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். கையில் வாத்தியம் இருப்பதால் எங்களுக்குள் பாராட்டு அப்படித்தான். பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களுக்காக நானும் தட்டியிருக்கிறேன். எனக்காகக் கேட்டது அன்றுதான். கண் கலங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

இடைவேளையில் மச்சான் சிவந்த முகத்தோடு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? பதினாலு ஸ்வரத்துக்கு இவ்வளவு தட்டலா? ஆள் சேர்த்து வச்சீங்களா?"

கண்டக்டர் அம்மாள் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "கடைசிப் பகுதியில ஏதாவது தப்பு தெரிஞ்சுதா சார்?"

"இல்லையே. பிரமாதமா இருந்துச்சு."

"அதுதான் சார் அவரோட வேலை."

ஹார்ன்காரர் தலையைச் சொறிந்தார். "நான்தான் சார் முன்னாடியே நுழைஞ்சு எல்லாரையும் தொலைச்சுட்டேன். எங்க இருக்கோம்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான்."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க பதினாலை எண்ணினீங்க, மச்சான். நான் மிச்சத்தை எண்ணிக்கிட்டிருந்தேன்."

மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கு முன் அடுத்த சீசனை அறிவிப்பது மேலாளர் வேலை. மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"டியூபா நாற்காலியை எடுக்கறதா இருந்தோம். எடுக்கப்போறதில்ல. எண்ணினதுல தப்பு என்னோடது. அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். சொல்றவங்க சொல்லிக்கட்டும்."

கூட்டம் புரியாமல் சிரித்தது. எங்கள் ஸ்டாண்டுகள் மறுபடி கடகடத்தன. மாடி வரிசையில் என் மனைவி எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

குச்சி உயர்ந்தது. சினிமா இசை, முதல் அடியிலேயே எனக்கு வேலை. எண்ண ஒன்றுமில்லை. ஊதினேன்.