கோழிக்கூட்டுக்கு ஓர் இடம்

செருப்பைக் கழற்றக்கூட விடாமல் "அண்ணே, பின்னாடி வந்து பாரு" என்று தங்கை கூப்பிட்டபோது அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, அலுப்புதான். அன்றைக்குப் பாதியில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்காக மொட்டைமாடி வரை மூன்று தடவை படியேறி இறங்கியிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற பழைய ஜோக். முட்டிக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வருவதில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பனியனோடு தரையில் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அப்போது உலகத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனாலும் போனார். பாப்பா கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியாது.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றவள், அன்றைக்கே பின்னறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கொடுத்தால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "நான் கதவ மூடினாக்கூட தப்பா மூடுறேன்னு சொல்லுவாங்கண்ணே" என்றாள். அவர் ஒண்டிக்கட்டை, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இரண்டு நாய், நாலு பாத்தி காய்கறி, ஊர்ப்பட்ட லிஃப்ட் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு. அதில் இதுவும் சேர்ந்தது. நடுவில் ஒருநாள் அவளே எழுந்து சமைத்தாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உப்பு ஒரு கல்லு தூக்கலோ?" என்று கேட்டுத் தொலைத்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் அந்த வாரம் முழுக்க வெளியே வரவில்லை. அதிலிருந்து அவர் தன் வீட்டிலேயே வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்தான்.

பின்பக்கம் மதில் ஓரமாக நாலு முளைக்குச்சி அடித்து, பழைய நைலான் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள். கயிற்றுக்குள்ளே கோலமாவில் கோடுகள் வேறு. அவருடைய அளவு டேப் அவள் இடுப்பில் செருகியிருந்தது. முகத்தில் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. அவள் முகத்தில் வெயில் பட்டதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

"கோழிக்கூடு," என்றாள். "தரையிலேர்ந்து இவ்வளவு உசரத்துல பலகை. கீழ சுத்தி கம்பி வலை. வலைய மண்ணுக்குள்ள ஒரு முழம் புதைக்கணும். இல்லாட்டி உன் நாய்ப்பசங்க தோண்டிருவாங்க. எரு உன் பாத்திக்கு, முட்டை நமக்கு. பாத்தி பக்கம் கோழி போகாம நான் தட்டி கட்டிக்குறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்திருக்கிறாள். எங்கே கதவு, எங்கே முட்டையிடும் பெட்டி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். தோண்டுவதற்கு ஆள் வேண்டாமாம், அவளே தோண்டிக்கொள்வாளாம். இன்னும் நாலைந்து வாய்க்கு யார் தீனி வைப்பது, இவள் மறுபடி படுத்துவிட்டால் யார் கழுவுவது என்றெல்லாம் அவர் மனம் ஒருபக்கம் கணக்குப் போட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளப் போகிறோமே என்றும் தோன்றியது. ஆனால் இத்தனை மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை. "நல்லாருக்கு பாப்பா," என்றார்.

"இந்த இடம் சரிதானே? எதுவுமே நடாம சும்மா கிடக்குது. புல்லுகூட முளைக்கல."

அப்போதுதான் அவர் இடத்தைப் பார்த்தார். புல் முளைக்காததற்குக் காரணம் இருந்தது. அது நாய்களின் ரோடு. மதிலை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு மண் இறுகிப் பளபளத்துக் கிடந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனால் போதும், பெரியவன் முன்கேட்டிலிருந்து பின்மூலை வரைக்கும் அதன் மேலேயேதான் குரைத்துக்கொண்டு ஓடுவான், குட்டி பின்னாலேயே ஓடும். பெரியவனுக்கு மேனேஜர் என்று பேர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்தையும் சுற்றிச்சுற்றிப் பார்த்து வருவதால் அவரே வைத்த பேர். பாப்பா அளந்தது நடு மதியத்தில், இரண்டும் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் செத்தது மாதிரி தூங்குகிற நேரத்தில். அவளுடைய ஜன்னலோ மறுபக்கம். அவளுக்கு எப்படித் தெரியும்?

கூடு அங்கே வந்தால் இரண்டும் வழியை மாற்றிக்கொள்ளும். மாற்று வழி ஒன்றே ஒன்றுதான், கத்தரிப் பாத்தி. அப்போதுதான் பூ விட்டிருந்தது. பாத்தி நாசமாவதைக்கூட விடலாம். ஓடுகிற வழியில் கோழியை வைத்தால் குட்டி சும்மா இருக்குமா? அணிலைப் பிடித்து வாயில் கவ்வி வந்து காலடியில் வைத்த ஜென்மம் அது. ஒருநாள் வலையைப் பிய்த்துவிட்டால் காலையில் வாசலில் இறகுதான் கிடக்கும். அதைப் பாப்பா பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். அப்படி ஒருதரம் போய்விட்டால் பிறகு வெளியே வருவாளோ மாட்டாளோ. சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது. அவருக்கு மெய்யாகவே பயமாக இருந்தது.

"சரிதானே?"

"சரிதான்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் கட்டைக்கும் பலகைக்கும் அலைந்தாள். பக்கத்தில் எங்கோ இடித்த கடையிலிருந்து ஒரு பழைய கதவைத் தலையிலேயே தூக்கி வந்தாள். இவர் வேலையில் நிற்கும்போதும் அந்தக் கயிறுதான் கண்ணுக்குள் இருந்தது. நாய்கள் ஓடிச் சாய்த்த குச்சியை அவள் பார்க்குமுன் நிமிர்த்தி வைப்பதே தினமும் வேலையாகிவிட்டது. ஒரு சாயங்காலம் துணிந்து, "நாய்ங்க எப்படி ஓடுதுன்னு பாத்தியா பாப்பா?" என்று ஆரம்பித்தார். கையிலிருந்த ஆணியை அவள் கீழே வைத்துவிட்டாள். "ஏன், தப்பா இருக்கா?" என்ற குரலில் பழைய ஆள் எட்டிப் பார்த்தாள். "சேச்சே, சும்மா கேட்டேன்," என்று மென்று முழுங்கினார்.

கடைசியில் அவருக்குத் தோன்றிய யோசனை இதுதான். பாத்தியை நாம் அழித்துவிட்டால் நாய்க்கு வழி கிடைத்துவிடும். பாத்திக்கும் கூட்டுக்கும் நடுவே தட்டியைக் கட்டிவிட்டால் குட்டியின் வாயும் எட்டாது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. லீவு நாள் அன்று, விடிந்தும் விடியாமல் எழுந்து பின்பக்கம் போனார். முட்டியை மடக்க முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்து கத்தரிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வேரோடு மண் உதிர்ந்தது. தினம் சாயங்காலம் வந்து இதுகளுக்குத் தண்ணீர் விடும் நேரம்தான் அவருக்கென்று இருந்த நேரம். அதை நினைக்கக் கூடாது என்று வேகமாகப் பிடுங்கினார். கண் கலங்கியது. இந்த வயதில் கத்தரிச் செடிக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"என்னண்ணே பண்ற?"

பாப்பா கொல்லைக் கதவருகில் நின்றாள். அவர் கையில் ஒரு செடி, பக்கத்தில் ஒரு குவியல்.

"பூச்சி விழுந்துருச்சு," என்றார்.

அவள் வந்து ஒரு செடியை எடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பால்காரரின் சைக்கிள் மணி அடித்தது. மேனேஜர் முன்கேட்டிலிருந்து மதில் ஓரமாகப் பாய்ந்து வந்தான், குட்டி பின்னால். கயிற்றின் முன்னால் வந்ததும் மேனேஜர் ஒரே தாண்டாகத் தாண்டினான். குட்டி தாண்டத் தெரியாமல் முளைக்குச்சியைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டும் பின்மூலையில் நின்று, போய்விட்ட சைக்கிளைத் திட்டித் தீர்த்தன.

பாப்பா சாய்ந்த குச்சியைப் பார்த்தாள், பளபளக்கும் மண்ணைப் பார்த்தாள், பிறகு செடிக் குவியலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு மொத நாளே தெரியும்."

அவர் கையிலிருந்த செடியைக் குவியலில் வைத்தார்.

"அந்த வீட்டுல நான் எது செஞ்சாலும் தப்புன்னாங்க. நீ எது செஞ்சாலும் சரிங்குற. ரெண்டு பேருமே என்னை ஒரு ஆளா நெனைக்கலண்ணே."

சத்தமே போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ மறுபடி போய்ப் படுத்துக்குவியேன்னு பயந்துட்டேன்," என்றார். அவ்வளவு நாள் அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையோடு வந்துவிட்டது. "எனக்கு முடியல பாப்பா. வேலைக்குப் போனாலும் உன் நெனப்புதான். எத சொல்றது, எத முழுங்குறதுன்னே தெரியல. அலுத்துப்போச்சு."

அவள் உள்ளே போனாள். பின்னறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிடுங்கிய செடிகளில் வாடாதவை எவை என்று கை தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது. நட்டால் பிழைக்குமா என்பதுகூட அவருக்கு அப்போது தெரியவில்லை. மேனேஜர் வந்து தோளை முகர்ந்துவிட்டு, தன் ரவுண்டுக்குப் போய்விட்டான்.

கதவு திறந்தது. பாப்பா நைட்டிக்கு மேலே அவருடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள், தலைமுடியைத் தூக்கி முடிந்திருந்தாள். நேரே போய் நாலு குச்சியையும் ஆட்டிப் பிடுங்கினாள், கயிற்றைச் சுருட்டினாள். கத்தரிச் செடி இருந்த வெற்றுப் பாத்தியில் வந்து நின்று, ஒரு குச்சியை மண்ணில் ஊன்றிப் பிடித்தாள்.

"எப்படியும் பிடுங்கிட்ட. கூடு இங்க வரட்டுமா?"

தோட்டத்திலேயே காலை வெயில் முதலில் விழுகிற இடம் அது. எரு போட்டுப் போட்டு அவர் பதமாக்கி வைத்த மண். அவர் வாய் பழக்கப்படி சரி என்று சொல்லத் திறந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு," என்றார். "அது என் கத்தரிக்கு வேணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காலடி வீட்டுப் பக்கம் திரும்புகிறதா என்று காது அங்கேயே இருந்தது. திரும்பவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தார். பாப்பா குச்சியை மண்ணிலிருந்து உருவி, ஒட்டிய மண்ணைச் சட்டையில் துடைத்தாள். "அப்ப எங்க?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி, தோட்டத்தின் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பினாள்.