வீட்டைக் கேட்காத மைக்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் குறைந்துபோனதால் சில சமயம் அவளுக்கே மறந்துவிடும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குழந்தை வழி தவறி வந்து அலுவலகத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அவளிடமே வந்து அதையே மறுபடி கேட்பதுதான் பயணிகளின் வழக்கம்.

ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது இந்த மைக்கில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சின்ன வானொலி நிலையத்தில் அரைமணி நேரம் நேயர் கடிதம் வாசிப்பாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மத்தியானம் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுசெய்து அனுப்பிவிட்டால், ஞாயிறன்று அவர்கள் ஒலிபரப்பிவிடுவார்கள். கைபேசி இருந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். வாரம் முழுக்கக் கத்துவது போதாதா, லீவு நாளிலும் இது எதற்கு என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால் பொழுதுபோகவில்லை என்பாள். சுத்தப் பொய். எங்கோ இருக்கிற தம்பி என்றைக்காவது கேட்பான், கேட்டுவிட்டு ஒரு போன் போடுவான் என்பதற்காகத்தான் அத்தனையும்.

தம்பி போய் ஏழு வருடம். நிகழ்ச்சிக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று அப்பா தலைகீழாக நின்றார். செய்தே ஆகவேண்டும் என்று தம்பி பிடிவாதமாகக் கூட்டிப்போனான். அம்மா திரும்பி வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா, "நீதான்டா அவளைக் கொன்னே" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஏதோ துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் இருக்கிறானாம் என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். அதற்குமேல் துப்பு இல்லை.

அப்பா அவன் பெயரை வாயால் எடுப்பதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வாய் தாராளமாகத் திறக்கும். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, வீட்டுக்குள் வந்தும் இறங்கவில்லை. மத்தியானமானால் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை பிடிப்பார். அவர் பதில் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டால் அப்பா இருமுவார். சாதாரண இருமல் இல்லை. குளிர்காலத்தில் பழைய லாரி கிளம்புவதுபோல மூன்று தடவை முக்கி, நாலாவது தடவைதான் பிடிக்கும்.

வந்த வினையே இதுதான். ஒருநாள் வானொலி நிலையத்துக்குப் புதிதாக வந்த ஒலிப்பொறியாளர் அவளை நேரில் கூப்பிட்டு, போன வாரப் பதிவைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு நேயர் தன் மகளின் பரீட்சை பற்றி உருக்கமாக எழுதிய கடிதம். நடுவில், "பொய் சொல்றான் பாரு" என்று அப்பாவின் குரல் தெளிவாக விழுந்திருந்தது. தொடர்ந்து இருமல், இரும்புக் கேட்டின் கிறீச், குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம்.

"நிகழ்ச்சியில உங்களைவிட உங்க வீடுதான் அதிகமா பேசுது" என்றார் பொறியாளர். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த அரைமணி நேரம் அழகுக் குறிப்பு சொல்கிற அம்மாவுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அழகுக் குறிப்பைக் கேட்டுவிட்டுத் தம்பி போன் செய்யப் போகிறானா என்ன?

அப்பாவிடம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தாள். என் வீட்டில் நான் இருமுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வி, அதுவும் மைக்கில் பதிவாகியது. சரிதான் என்று மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மைக் கடைக்குப் போனாள்.

கடை, ஒரு வெல்டிங் பட்டறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஒலிக் கருவி விற்கிறவன் எவனாவது இப்படி ஒரு இடத்தில் கடை போடுவானா என்று நினைத்தாள். கடைக்காரர் அதற்கெல்லாம் அசரவில்லை. வெல்டிங் பட்டறைதான் தன் கடைக்கு முதலீடு என்றார். சத்தத்தில் தேறுகிற மைக்தான் வீட்டில் தேறுமாம்.

அவள் இப்போது வைத்திருப்பது என்ன என்று விசாரித்தார். சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அது கண்டென்சர் மைக்கும்மா. ஊர் வம்பு கேக்கற ரகம். தெருக்கோடியில யாராவது தும்மினாலும் காதுல வாங்கி வச்சுக்கும். சத்தம் புகாத அறை இருந்தா அதை மாதிரி வராது, ஒத்துக்கறேன். உங்க வீட்டுக்கு டைனமிக் மைக்தான் சரி. பக்கத்துல வந்து பேசறவங்களைத் தவிர வேற யாரையும் அது மதிக்காது."

மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது மேடைப் பாடகர்கள் கையில் பிடிப்பது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைப்பையில் இருந்த ஒரு நேயர் கடிதத்தை எடுத்து வாசித்தாள். பட்டறையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. ஹெட்போனுக்குள் அது அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஆனால் அவளுடைய குரல் காய்ந்து, மூக்கால் பேசுவதுபோல் வந்தது. விரலை லேசாக அசைத்தாலும் தடதடவென்றது. வேண்டாம் என்றாள்.

இரண்டாவது, பெரிய வானொலி நிலையங்களில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கனமான மைக். தூக்கிப் பார்த்தாலே மரியாதை வந்தது. அவளுக்கு அதன்மேல் ஆசையான ஆசை. கடைக்காரர்தான் தடுத்தார். அது சத்தத்தைச் சன்னமாகத்தான் கொடுக்கும். ஒலியை ரொம்பத் தூக்கிவிட வேண்டும். அவளிடம் இருக்கிற, மைக்கைச் செருகிப் பதிவுசெய்யும் சின்னப் பெட்டியால் அவ்வளவு தூக்க முடியாது. தூக்கினால் குரலுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் கிளம்பும். அப்படியே செய்தும் காட்டினார். விற்க உட்கார்ந்தவர் விற்காமல் இருப்பதைப் பார்த்து அவளுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவது பார்வைக்குச் சுமார். வாசிக்க ஆரம்பித்ததும் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பேருந்து நிலையத்துப் பழக்கம் அவளை விடவில்லை. அங்கே மைக்குக்குக் கிட்டே போனால் ஊளையிடும், அதனால் எட்டி நின்று கத்துவாள். இங்கே கத்தக் கூடாது என்றார். நாலு விரல்கடை தூரம், நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். இல்லையென்றால் 'ப' சொல்லும்போதெல்லாம் மூச்சு போய் மோதும். மைக்கின் முதுகை எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் திருப்பிவைக்க வேண்டும். இதற்கு முதுகில் காது கிடையாது.

அவள் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கடிதத்தை மறுபடி ஆரம்பித்தாள். ஹெட்போனில் வந்த குரலைக் கேட்டு அவளுக்கே கண் கலங்கியது. அடித்தொண்டையில் ஒரு கதகதப்பு. சின்ன வயதில் மின்சாரம் போன நேரத்தில் ஒரே போர்வைக்குள் தம்பிக்குக் கதை சொல்வாளே, அந்தக் குரல். இந்தக் குரல் அவன் காதில் விழுந்துவிட்டால் போதும், கல்லாக இருந்தாலும் கரைந்துவிடுவான் என்று தோன்றியது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மைக்கின் முதுகைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அப்பா டிவியோடு கட்சி கட்டிக்கொண்டு கத்தினார், இருமினார், கேட்டைத் திறந்தார், மூடினார். பதிவில் ஒரு பொட்டு இல்லை. பொறியாளர் கேட்டுவிட்டு, இப்போதுதான் இது வானொலி மாதிரி இருக்கிறது என்றார். அழகுக் குறிப்பு அம்மாவுக்கு வேறு நேரம் பார்த்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினமாதிரி இருந்தது என்று நேயர்களும் எழுதினார்கள். அவளும் ஒவ்வொரு கடிதத்தையும் நாலு விரல்கடை தூரத்தில், அவன் ஒருவனுக்கு மட்டும் வாசிப்பதுபோல வாசித்தாள். கேக்கறியாடா, கேக்கறியா என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு ஞாயிறு போனது.

மூன்றாவது ஞாயிறு அவள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் இருக்கும். சமையலறையில் கைபேசி அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. அவளுக்கு அந்த மூச்சே போதுமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அக்கா" என்றான். "அப்பா எப்போ போனாரு?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே போனார், கூடத்தில்தானே இருக்கிறார் என்று நினைத்தாள். அதற்குள் அவன் உடைந்துவிட்டான். ஆரம்பத்திலிருந்தே வாரம் தவறாமல் கேட்கிறவனுக்கு, மூன்று வாரமாக அப்பா சத்தமே கேட்கவில்லையாம். முதல் வாரம் அப்பா தூங்குகிறார் என்று நினைத்தானாம். இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியோ என்று பயந்தானாம். இந்த வாரமும் இல்லை என்றதும் அவனால் வேலைக்கு நிற்க முடியவில்லை.

"இருமல் இல்லை. டிவி இல்லை. வாசல் கேட் சத்தம்கூட இல்லை. உன் குரல் நல்லாதான் இருந்தது. ஆனா உனக்குப் பின்னாடி யாருமே இல்லைக்கா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்பா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார், மாறியது மைக்தான் என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புரிந்ததும் அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

அந்த இடைவெளியில்தான் அவளுக்கு உறைத்தது. இவன் முதல் நிகழ்ச்சியிலிருந்தே கேட்டிருக்கிறான். ஒரு வாரம் விடவில்லை. ஆனால் கேட்டது அவளை இல்லை. அவள் தேடித் தேடிப் பொறுக்கிய கடிதங்கள், ராத்தூக்கம் கெட்டு எழுதிய முன்னுரைகள், எதுவும் அவன் மனதில் ஏறவில்லை. அவள் பேச்சுக்கு நடுவே கிழவர் எப்போது இருமுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அப்பாமேல் பொறாமைப்படுகிற வயதா இது என்று வெட்கமாகவும் இருந்தது. வலித்தது என்பதுதான் உண்மை.

"பழைய மைக் இருக்காக்கா?" என்றான் மெதுவாக.

"இருக்கு."

"அதுலயே பேசேன்."

சரிடா கண்ணா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிகழ்ச்சி போனால் போகட்டும், பொறியாளர் காலில் விழுந்தாவது பார்க்கலாம். ஆனால் ஏழு வருடம் எப்படி ஓடியது என்று அப்போதுதான் அவளுக்கு வெளிச்சமாகியது. வாரம் தவறாமல் அரைமணி நேரம் வீட்டையே அவன் காதுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பிறகு அவன் எதற்கு வருவான்? வரவேண்டிய தேவையே இல்லாமல் அவளே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மாட்டேன்" என்றாள். "ஏழு வருஷமா ஓசியில கேட்டது போதும். இனிமே அவர் இருமறதைக் கேக்கணும்னா நேர்ல வந்து கேளு."

அந்தப் பக்கத்தில் இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவன் பின்னால் இருக்கிற இடத்தை அவளும் காதால் துழாவிப் பார்த்தாள். பெண் குரல், குழந்தைக் குரல் எதுவும் இல்லை.

"பாக்கலாம்கா" என்றான். போனை வைத்துவிட்டான்.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது. உடனே அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை அடித்தாள். தப்பு செய்துவிட்டோம், வந்தவனையும் விரட்டிவிட்டோம் என்று தோன்றியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் இல்லை. வாசிக்கிறவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எப்போது சத்தத்தை அணைத்தார் என்று தெரியவில்லை.

யார் என்று கேட்டார். தம்பி என்றாள். அந்தச் சொல்லை அந்தக் கூடத்தில் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது. என்ன வேணுமாம் என்று கேட்டார், திரும்பாமலே.

"நீங்க இருக்கீங்களா இல்லையான்னு கேட்டான்."

"என்ன சொன்னே?"

"இருக்கீங்கன்னு சொன்னேன்."

அப்பா ரிமோட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, அந்த லாரித் தொண்டையில் இப்படியும் ஒரு குரல் உண்டா என்று அவள் திகைக்கும்படி, மெதுவாகச் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா. வந்திருப்பானே."