மச்சான் வரும் ஒன்பது காட்சிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இங்கே ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். என் மேலேயே வைத்து எழுதினால் மூன்றாவது பத்திக்குள் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். எழுதிப் பார்த்துக் கிழித்தாயிற்று.

அவளை வைத்து முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது வானம்...' வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

2

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து நம்பர் எழுதிக் கொடுப்பவள். 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?' என்று நாளெல்லாம் கேட்கிற வேலை. மீதி நேரத்தில் திரைக்கதை எழுதுவாள். எதுவும் படமானதில்லை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவளைப் போன்ற பத்துப் பேர் கூடுவார்கள். நடுவில் நீளமாக ஒரு மேசை. எழுதியதை மேசையில் வைக்கவேண்டும். வேறொருவருடையதை எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேசவேண்டும். யார் எதை எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். மேசையில் எப்போதும் ஆட்களைவிட ஒன்றிரண்டு பிரதி கூடுதலாக இருக்கும்.

கதைச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் கையைக் கவனித்தால் வேறு கதை. கட்டைவிரல் முதலில் தாளின் ஓரத்தைச் சரசரவென்று ஓட்டிப் பார்க்கும். பிறகு கண் கடைசிப் பக்க எண்ணுக்குப் போகும். போன தடவை தன்னுடையதைப் புகழ்ந்த ஆள் என்றால் எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மன்னிப்பு உண்டு. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர் முதல் பக்கத்திலேயே எழுத்துப்பிழை உள்ளதாகப் பார்த்து எடுப்பார்; பத்து நிமிடத்தை அதிலேயே ஓட்டிவிடலாம். நம் பெண்ணுக்கு வேறு வழக்கம். தன்னைவிடக் கொஞ்சம் மோசமாக எழுதுகிறவர்களை எடுப்பாள். ரொம்ப மோசமென்றால் தலைவலி. கொஞ்சம் மோசமென்றால் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் போகும்.

(நானும் அப்படித்தான். அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டால் குற்றம் சின்னதாகத் தெரிகிறது.)

3

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் லிஃப்ட் அண்ணன். அவருடைய திரைக்கதை நூற்று அறுபத்து நான்கு பக்கம். ஏழு மாதமாக மேசைக்கு வரும், அலமாரிக்குப் போகும். ஒருவரும் தொட்டதில்லை. அவர் மட்டும் எல்லாரும் எடுத்து முடித்தபின் மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வார்.

அன்று மிஞ்சியது இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று அவளுடையது. போன கூட்டத்தில் மாஸ்டரின் கதையை அவள் கொஞ்சம் காரமாகப் பேசியிருந்தாள். அதனால் அன்று அவள் பக்கம் ஒரு கையும் நீளவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றாள்.

"நான் எடுத்துக்கறேன்மா," என்று அவர் அவளுடையதை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவருடையதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. எடுத்துப் போனாள். பதினோராம் பக்கம்வரை படித்தாள். மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். கணவன் தனியாக இருக்கிறான். அதற்குமேல் அவளுக்கு நேரமில்லை: கடையில் கூட்டம், வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல் — (இல்லை. மாமியாருக்குக் காய்ச்சல் இல்லை. அவளைக் காப்பாற்ற நான் சேர்த்தது.) அவள் படிக்கவில்லை. அவ்வளவுதான்.

4

இரண்டு வாரம் கழித்து அவர் பேசினார்.

"இந்த அம்மா கேரக்டர் இருக்காங்களே, கதை முழுக்க ஒரு இடத்துலகூட உக்காரவே இல்லை. சாப்பிடும்போதுகூட நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடறாங்க. மக கல்யாணம் வேண்டாம்னு சொல்ற சீன்ல மட்டும் கட்டில்ல கை வைக்கறாங்க. உக்காரப் போறாங்கன்னு நினைச்சேன். உக்காரலை. அந்தப் பக்கத்தைத் திருப்பி ரெண்டு தடவை படிச்சேன். வேணும்னுதான் அப்படி எழுதினீங்களாம்மா?"

அது தனக்கே தெரியாது என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய சொந்த அம்மா அப்படித்தான் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

அடுத்து அவள் முறை. எந்தத் திரைக்கதைக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்கள் நம் எல்லாரிடமும் சில இருக்கும். எடுத்து விட்டாள். "ஆரம்பம் நல்லா இருக்குண்ணே. நடுவுல கொஞ்சம் இழுக்குது. ஒரே மாதிரி விஷயம் திரும்பத் திரும்ப வருது, அதைக் குறைக்கலாம்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"மச்சான் வர்ற சீனையா சொல்றீங்க?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சும்மா. ஒன்பது தடவை வர்றானில்ல? அந்தப் பிரதி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் புதுசா எழுதிக் கொண்டாரேன்."

5

ஆறு வாரத்தில் கொண்டுவந்தார். தொண்ணூற்றேழு பக்கம். மச்சான் ஒரு தடவைகூட வரவில்லை. மேசையில் வைத்ததும் நான்கு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. மாஸ்டர் முந்திக்கொண்டார். அப்புறம் கைமாறிக் கைமாறிக் குழுவே படித்தது. வருஷத்துக்கு ஒரு திரைக்கதையை வெளியூர்ப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கை அவருக்கே. அவளுடைய கையும்தான். திங்கட்கிழமை அனுப்புவதாக முடிவானது.

மறுநாள் காலை, துணி துவைக்கும் இயந்திரம் ஓடி முடியக் காத்திருந்த நேரத்தில், அவள் பழைய பிரதியை எடுத்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்காதீர்கள். கை தூக்கியது உறுத்தியிருக்கலாம்.

மனைவி போனபின் ஒவ்வொரு ஞாயிறும் அவள் தம்பி வந்து கணவனைத் திட்டுகிறான். முதல் தடவை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி. இரண்டாம் தடவை உள்ளே வந்து. நான்காவதில் திட்டிக்கொண்டே தண்ணீர் கேட்கிறான். ஆறாவதில் மழை, திட்டி முடித்தும் போக முடியவில்லை, இருவரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். எட்டாவதில் என்ன திட்டுவதென்று மறந்துபோய், போன வாரத் திட்டையே திரும்பச் சொல்கிறான். கணவன் எடுத்துக் கொடுக்கிறான். ஒன்பதாவதில் மச்சான் ஒன்றும் பேசவில்லை. சமையலறையில் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு, "வர்றேன் மாமா" என்று போகிறான்.

"என்ன, சிரிக்கிறியா அழறியா?" என்றான் அவள் கணவன், ஈரத் துணியை உதறியபடி.

"ரெண்டும்தான். நல்லா இருக்கிற ஒண்ணைக் கெடுத்துட்டேன்."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா, நான் அன்னைக்குப் படிக்கவே இல்லைன்னு தெரிஞ்சிடும். மச்சான் திரும்ப வந்தா மறுபடி நூத்தறுபது பக்கம் ஆகும். அதை எவன் எடுத்துப் படிப்பான்? இப்ப அனுப்பறதே மெலிசா இருக்கறதாலதான்."

அவன் துணியைக் கொடியில் போட்டான். "அது சரி," என்றான்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்றில் அவள் சொல்கிறாள். அவர் சிரித்து, "நீங்க படிக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்கிறார். படித்துப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைக் கவனித்தேன். அடித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. நிஜமாகவே நம்பினார்.

இன்னொன்றில் அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். திரைக்கதை போகிறது. நல்ல திரைக்கதைதான், குறை சொல்ல முடியாது. அதில் ஒரு கணவன் தனியாக இருக்கிறான், அவ்வளவே.

மூன்றாவது இது. திங்கட்கிழமை காலை. அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் வேலை பார்ப்பதை விசாரித்து, பழைய பிரதியோடு போகிறாள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது. அதன் கூரைமேல் நின்று வேலை செய்தவர், அவளைப் பார்த்ததும் இறங்கி வருகிறார்.

"அடடே, நீங்களா! மத்தியானம் தபால்ல போடப் போறேன்மா. உண்மையைச் சொல்லட்டுமா? மச்சானை வெட்டும்போது கை வரலை. என் சொந்த மச்சான் அவன். ஆனா, பழசை ஏழு மாசத்துல முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். படிச்சவங்க சொல்லும்போது கேக்கணுமில்ல?"

"அண்ணே..." என்றாள்.

இதுவரை எழுத முடிந்தது. ஏனென்றால் இதுவரை நானும் சொன்னேன். அந்த 'அண்ணே'க்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த சொல் 'வாழ்த்துகள்'. கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சொல்லை அவளுக்குத் தர எனக்கு மனமில்லை. வேறொன்று என்னிடம் இல்லை.

நீங்கள் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.