மூன்றாம் கோப்பையின் கடைசிப் பந்து

கண்டத்தின் மூன்றாம் கோப்பைக்கான கடைசி இறுதி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தபோது அயல்நாட்டு அணிக்காரர் ஒருவர் உதைத்த பந்து மேலே போனது. இன்னும் தரையைத் தொடவில்லை. வடக்குக் கோலுக்கு எதிரே, விளக்குக் கம்பத்தைவிடச் சற்றே உயரத்தில், அது அப்படியே நிற்கிறது. மழையில் நனையும், வெயிலில் காயும், காற்றுக்கு அசையாது. மைதானத்தை ஒட்டிய தெருவில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரத்தையும் பேருந்து நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டு, பந்து இருப்பதையும் சொல்லிவிடுவார்கள். அதற்காக யாரும் வாடகையைக் குறைத்ததில்லை.

கோப்பையை ஆரம்பித்தவர் ஒரு சோப்பு ஆலை முதலாளி. கண்டத்தில் ஏற்கெனவே இரண்டு கோப்பைகள் இருந்தன. முதலாவது, தங்கள் நாட்டு லீக்கில் முதலிடம் பிடித்த பெரிய கிளப்புகளுக்கு. இரண்டாவது, முதலிடத்தைக் கோட்டைவிட்ட பெரிய கிளப்புகளுக்கு. மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு, உள்நாட்டில் ஏதோ ஒரு கோப்பையை எப்படியோ வென்றுவிட்ட சின்ன கிளப்புகளுக்காக மூன்றாவதை அவர் தொடங்கினார். கோப்பை வெள்ளி என்றுதான் சொன்னார்கள். அதைத் தூக்கியவர்களின் உள்ளங்கையில் பச்சை படிந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சில வருடங்கள் அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. தபால் ஊழியர்களின் கிளப் ஒன்று அதை வென்று, ஒரு வாரம் தலைகால் தெரியாமல் ஆடிவிட்டு, பிறகு பழையபடி தபால் பிரிக்கப் போனது. அப்புறம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, பெரிய கிளப்புகளின் ஆட்டம்தான் விற்கும் என்றார்கள். கண்டத்தின் கால்பந்துச் சம்மேளனம் தலையாட்டியது. முதல் கோப்பையின் வாசலை அகலமாக்கி, இரண்டாமிடம், மூன்றாமிடம், நான்காமிடம் என்று வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டது. மூன்றாம் கோப்பைக்குப் பரிசு கொடுக்க முன்பெல்லாம் சம்மேளனத் துணைத் தலைவர் வருவார். கடைசி வருடங்களில் அவருடைய மச்சான் வந்தார்.

சோப்பு முதலாளி பிடிவாதம் பிடித்துச் சேர்த்த விதி ஒன்று அந்தக் கோப்பைக்கு மட்டும் உண்டு. பந்து காற்றில் இருக்கும்போது நடுவர் ஆட்டத்தை முடிக்கக் கூடாது. அவருடைய சொந்த அணி உதைத்த பந்து கோலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது எவனோ ஒரு நடுவர் விசில் ஊதிவிட்டாராம்; அதைப் பற்றியே அவர் சாகும்வரை தூக்கத்தில் பேசினார். விதி கேலிக்கூத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பந்து என்றால் எப்படியும் கீழே வந்துவிடும் என்பதால் யாரும் அதை நீக்க மெனக்கெடவில்லை.

கடைசி இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணியின் கோல்கீப்பருக்குப் பூட்டு என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பந்தைப் பிடித்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்வாரே தவிர, மற்ற கோல்கீப்பர்கள் மாதிரி முஷ்டியால் குத்தி விரட்ட மாட்டார். குத்துவது கையாலாகாதவன் வேலை என்பார். திறமைக்குக் குறைவில்லை, அதிர்ஷ்டம்தான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அரையிறுதி வரை வந்து வந்து தோற்ற மனிதர், ஒரு கோப்பையையாவது கையில் தூக்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று சபதம் போட்டிருந்தார். அன்று கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிரணியின் ஊரில் நடந்த முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இங்கே இன்னும் யாரும் கோல் போடவில்லை. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்பதால், இப்படியே முடிந்தால் ஜெயிப்பது பூட்டின் அணிதான். அப்போதுதான் பந்து மேலே போய் நின்றது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி அண்ணாந்தார். அரங்கம் முழுக்க அண்ணாந்தது. இருட்டும் வரை பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அதே நாள் மத்தியானம் சம்மேளனம் தன் கூட்டத்தில், சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே, மூன்றாம் கோப்பையை ஒழித்திருந்தது. பந்து இறங்கவில்லை, விதியைத் தளர்த்துங்கள் என்று உள்ளூர் கிளப் கேட்டதற்கு, இல்லாத போட்டியின் விதியைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்புகளுக்கும், பிறகு வேறு தொழில்களுக்கும் போனார்கள். மைதானத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கோலை விட்டு நகர்ந்தால் அந்த நேரம் பார்த்துப் பந்து விழுந்து உள்ளே உருண்டுவிடும் என்று பூட்டு நகரவில்லை. அப்படி விழும்போது தலையால் முட்டி உள்ளே தள்ள ஆள் வேண்டும் என்று எதிரணியின் நெட்டை ஆட்டக்காரர், ஏணி என்பவர், நகரவில்லை. விசில் ஊத நடுவர் நகரவில்லை.

ஏணி தங்குவதில் சிக்கல் ஒன்றும் எழவில்லை. அயல்நாட்டு அணிக்காரர்களின் பாஸ்போர்ட்டில் 'ஆட்டம் முடியும் வரை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். குடியேற்ற அதிகாரி வருடா வருடம் வந்து, பந்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

பூட்டின் மனைவி தையல்காரம்மா சில மாதம் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து பார்த்தார். அப்புறம் சலித்துப்போய், தையல் மெஷினையும் பாத்திரங்களையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்கே குடிவந்துவிட்டார். கோப்பை மேசை மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் நூல்கண்டுகளைப் போட்டுவைத்தார். வெயில் காலத்தில் பந்தின் நிழல் விழும் இடத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்து, நிழல் நகர நகரக் குடத்தையும் நகர்த்துவார். ஏணி இந்த ஊர்ப் பேச்சை, தையல்காரம்மா புருஷனைத் திட்டுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். அதனால் அவர் உப்பு கேட்டாலும் சண்டைக்கு வருவது போலவே இருக்கும். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. சாப்பிடும்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். பேசினால் எங்கே ஊதிவிடுமோ என்று பேச்சை விட்டுவிட்டார். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தால் தையல்காரம்மாவுக்கு மஞ்சள் அட்டை காட்டுவார்.

அப்பாவைத் தேடி ஏணியின் மகன், பாஸ்போர்ட்டில் அதே முத்திரையோடு, ஒருநாள் வந்தான். அப்பாவைப் பார்த்தானோ இல்லையோ, பூட்டின் மகளைப் பார்த்துவிட்டான். காதும் காதும் வைத்தாற்போலப் பேச்சு முடிந்து, பெனால்டி கட்டத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்தது, பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள் என்பதால். அன்றுமுதல் இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றார்கள். காலையில் ஒன்றாக டீ, சாயங்காலம் ஒன்றாகச் சீட்டு, நடுநடுவே ஒன்றாக அண்ணாந்து பார்ப்பது. பேத்தி பிறந்தாள். பூட்டுக்கு முடி நரைத்தது, ஏணிக்கு முழங்கால் போயிற்று, நடுவருக்குப் பல் போயிற்று. இவ்வளவு நிம்மதியாகப் பூட்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அதை அவர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் பந்தின் மேல் இருந்தது.

ஒரு கோடையில் தையல்காரம்மா குடத்தை வைக்கப் போனபோது நிழலின் ஓரம் கத்தரித்தது போலத் தெளிவாக இருந்தது. பந்து இறங்குகிறது என்றார். யாரும் நம்பவில்லை. வாரக் கடைசிக்குள் அது விளக்குக் கம்பத்துக்குக் கீழே வந்திருந்தது.

உடனே சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டீ தனித்தனியாகப் போயிற்று. ஏணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பழகினார். பூட்டு கையுறைக்குப் புது ரப்பர் வைத்துத் தைக்கச் சொன்னார். தையல்காரம்மா பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்தார். நூல்கண்டுகளைக் கொட்டிவிட்டுக் கோப்பையைப் புளி போட்டு விளக்கச் சொன்னார், அதையும் செய்தார். செய்யும்போது தையல்காரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது விசித்திரம் என்றுகூடப் பூட்டுக்குப் படவில்லை. சோப்பு முதலாளியின் அந்த ஓட்டைக் கோப்பையைத் தூக்கினால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு, ஒரு கண் பந்தின் மேலேயே இருக்க, கோலை ஒட்டிய உடைமாற்றும் அறை வாசலுக்குப் போனவர், மகள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்தார். யார் ஊருக்குப் போவது என்று கேட்டார்.

"நாங்கதான்ப்பா. மேட்ச் முடிஞ்சா முத்திரையும் முடிஞ்சுடுமே. மாமாவும் அவரும் இங்க இருக்க முடியாது. அவங்க போனா நானும் பாப்பாவும் போகணுமில்ல."

பேத்தியின் சின்னக் கவுன் ஒன்று பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு அதை எடுத்து மடிக்கப் பார்த்தார், மடிக்கத் தெரியவில்லை. மகள் அதை வாங்கி மடித்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் பந்து இறங்கியது. குடியேற்ற அதிகாரி வந்திருந்தார், தெருக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், சம்மேளனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நடுவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துத் தயாராக நின்றார். ஏணி நாற்காலியை உதறிவிட்டு எழுந்து, ஆனமட்டும் எம்பினார். ஒரு செய்தித்தாளின் கனத்துக்குத்தான் கால் தரையை விட்டது. பந்து அவர் தலைக்கு மேலே வழுக்கி, நேராகப் பூட்டின் கைக்கு வந்தது, இத்தனை வருடம் அதற்காகவே கிளம்பி வந்தது போல. பச்சைக் குழந்தைகூடப் பிடித்துவிடக்கூடிய பந்து. அணைத்துக்கொண்டால் போதும், கோப்பை அவருடையது.

பூட்டு விரல்களை மடக்கி, முஷ்டியால் ஒரே குத்து குத்தினார்.

பந்து மேலே போனது. விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் பழைய இடத்துக்கே போய், பழையபடி நின்றது. நடுவர் இழுத்த மூச்சை மூக்கு வழியாக மெதுவாக விட்டார். குடியேற்ற அதிகாரி டீ இருக்கிறதா என்று கேட்டார். மகள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

ஏணி மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்து, சம்பந்தியை வெகுநேரம் பார்த்தார். "நீங்க குத்தி நான் பார்த்ததே இல்ல, சம்பந்தி," என்றார், வழக்கமான அந்தக் கோபக் குரலில்.

"கை வழுக்கிடுச்சு," என்றார் பூட்டு.

"நான் தைச்ச உறை வழுக்காது," என்றார் தையல்காரம்மா. கொட்டிவைத்த நூல்கண்டுகளைப் பொறுக்கி மறுபடி கோப்பையில் போட்டார். அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், பந்தின் நிழலில் வைத்தார்.