பஞ்சுக்கும் ரொக்கிக்கும் நடுவில்

சங்கிலியைக் கொய்யா மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டியபின் அனற் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கழன்று வரவில்லை. ரொக்கி அவளைக் கவனிக்கவே இல்லை. வீட்டுக்குள் அப்பாவின் சவப்பெட்டி இருந்த பக்கமாக மூக்கை உயர்த்தி, நீளமாக ஒரு ஊளையிட்டது. முன்வாசலில் வாடகைக் கதிரைகளில் இருந்தவர்களின் பேச்சு அப்படியே நின்றது.

"ஐயோ, அத நிப்பாட்டுங்க!" புசல்லாவை அத்தை பின்கதவுக்கு ஓடி வந்தாள். அப்பாவின் தங்கை. "இன்னிக்குச் சனிக்கிழமை வேற. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்க. இதுல நாயும் அழுதா எப்புடி?"

அத்தை ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் சனிக்கிழமையை மட்டும் மாதாவிடம் முழுசாக ஒப்படைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கட்டிப் போட்டாத்தான் அத்த நல்லது. உள்ள முயல் இருக்கு."

"மனுசன் செத்துக் கெடக்குறான், நீ முயலுங்குற" என்றாள் அத்தை.

அனற் கொக்கியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். பேராதனையில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே கண்ணால் அடக்குவாள். சாவு வீட்டிலோ எல்லாரும் ஒரே நேரத்தில் தலைமையாசிரியர்கள்.

முயல் அவள் மகள் மெரிஷாவினுடையது. பெயர் பஞ்சு. நாய் அப்பாவினுடையது. பின்னேரங்களில் அப்பா லூர்து பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு, ரொக்கியின் சங்கிலியைக் காலால் மிதித்துக்கொண்டு, பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வந்தவர்கள் எல்லாம் 'நாயும் முயலும் ஒண்ணா இருக்குதே' என்று வாயைப் பிளந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு ஒங்களத்தான் சொல்லியிருக்காங்க" என்று அனற் கிண்டல் பண்ணுவாள். அவர் சிரித்ததில்லை.

"நாய நம்பி உக்காரல புள்ள. இந்தக் கால நம்பி உக்காந்திருக்கேன். நான் இல்லாதப்ப ஒரு நிமிசங்கூட ரெண்டையும் ஒண்ணா விட்டுறாத. ஓடுறதக் கண்டா அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. இது கெட்ட நாயில்ல. ஆனா நாய்."

பக்கத்து வீட்டுச் சந்திரிகா பறிகொடுத்த கோழிகள் அதற்குச் சாட்சி.

வியாழக்கிழமை அந்தக் கதிரையிலேயேதான் அவர் போனார். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடப் போன மெரிஷா, "தாத்தா எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்று வந்து நின்றாள். அனற் ஓடினாள். மடியில் முயல், காலடியில் நாய், சங்கிலியின் மேல் அப்பாவின் கால். அந்தக் காலில் இருந்து உயிர் எப்போது போனதோ, எவ்வளவு நேரம் செத்த கால் ஒன்று நாயைப் பிடித்து வைத்திருந்ததோ யாருக்கும் தெரியாது. அவள் முதலில் முயலைத்தான் அள்ளினாள். அதற்குப் பிறகுதான் அப்பாவின் முகத்தைத் தொட்டாள். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அன்றிலிருந்து மெரிஷா முயலை இறக்கி வைக்கவில்லை. சவத்தைப் பதப்படுத்தக் கொண்டுபோயிருந்த மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா, பஞ்சும் செத்துருமா?"

"இல்லடா. அம்மா பாத்துக்குறேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்திலிருந்து, பிள்ளையும் முயலும் இருந்த அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொக்கி மறுபடியும் ஊளையிட்டது. இந்த முறை வாசலில் ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணன் லியோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தான். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அவுத்து விடு. அப்பாகிட்டப் போய்ப் படுத்துக்கிட்டா சும்மா இருக்கும்."

"அண்ணே, வேணாம். உள்ள பஞ்சு இருக்கு."

"அறைக் கதவு சாத்தித்தானே இருக்கு?"

அவள் பதில் சொல்லுமுன் அவன் சங்கிலியைக் கழற்றிவிட்டான். நாய் யாரையும் பாராமல் உள்ளே போய், பெட்டி வைத்திருந்த மேடையைச் சுற்றித் தொங்கிய வெள்ளைத் துணியின் ஓரத்தில் தலையைச் சாய்த்துப் படுத்தது. ஊளை நின்றது. கூட்டத்துக்கு நிம்மதி. 'வாயில்லாச் சீவன், எவ்வளவு பாசம்' என்று இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

அனற் அறைப் பக்கம் திரும்பினாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"யாரு தொறந்தது?"

"நான்தான்" என்றாள் அத்தை. "பொணம் வீட்டுல இருக்குறப்ப எந்தக் கதவையும் சாத்தக் கூடாதுன்னு தெரியாதா? புள்ளையையும் கையக் கழுவிட்டு வரச் சொல்லியிருக்கேன். பங்குச் சுவாமி வந்துட்டாரு."

கட்டிலில் மெரிஷா இல்லை. முயலும் இல்லை.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுவாமி இறந்தவருக்கான இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார். மனிதக் கால்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று பதுங்கிப் பதுங்கிப் போனதை அனற் கண்டாள். சுவரோரமாகப் போய், மேடைத் துணிக்குள் நுழைந்தது.

ரொக்கி தலையைத் தூக்கியது. காது இரண்டும் முன்னால் வந்தன.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் முயல் ஓடும். ஓடினால் முடிந்தது. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு போய், நாய்க்கும் துணிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தாள். கழுத்துப்பட்டியில் மட்டும் பிடிக்கப் பயம். கிழட்டு நாயின் தோல் புண்ணாகிவிடும் என்று அப்பா அதைத் தளர்த்தி வைத்திருந்தார். ஓர் உதறலில் தலை வெளியே வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் துணி லேசாக ஆடியது. நாயின் நெஞ்சு அவள் கைக்குள் கிண்ணென்று இறுகி நின்றது.

"அனற், எந்திரி" லியோன் குனிந்து கிசுகிசுத்தான்.

"அண்ணே, உள்ள முயல் இருக்கு. நான் விட்டா..."

"இப்ப முயலா முக்கியம்?"

அவன் நிமிர்ந்துவிட்டான். சுவாமி தீர்த்தம் தெளித்தார். ஒரு துளி அவள் நெற்றியில் விழுந்தது. நாய் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தது. அவள் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"மூடப் போறாங்க" என்று அத்தை குரலெடுத்தாள். "பொம்பளப் புள்ள வரணும். மக வந்து முத்தங் குடுக்கணும்."

யாரோ இருவர் அவளைத் தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினார்கள். ஒரு கணம் அவள் எழத்தான் போனாள். தலைக்கு மேலே அப்பாவின் முகம் இருந்தது. எழுந்தால் அந்த நெற்றிக்கு ஒரே எட்டு. நாயின் பின்னங்கால்கள் விறைத்தன. அவள் மறுபடியும் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"விடுங்க. என்னைய விடுங்க!"

"பெட்டிய விடமாட்டேங்குது பாவம். அப்பன் மேல உசிரு" என்று பின்னால் யாரோ விம்மினார்கள்.

லியோன் முத்தம் கொடுத்தான். அத்தை கொடுத்தாள். மெரிஷாவை யாரோ தூக்கிக் காட்டினார்கள். பிறகு மூடியின் திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் அனற்றின் உச்சந்தலைக்கு மேலே கேட்டது. அப்பா, அப்பா என்று அவள் நாயின் பிடரிக்குள் சொன்னாள். அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். கால்கள் எல்லாம் வாசலுக்குப் போயின. மேடைத் துணி சரிந்து விழ, சுவர் மூலையில் பஞ்சு உருண்டையாகச் சுருண்டிருந்தது. மூக்குக்கூட அசையவில்லை. மெரிஷா கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு பார்த்து நின்றாள்.

"ஓடாத" என்றாள் அனற். "மெதுவா வா. அம்மா புடிச்சிருக்கேன். வந்து தூக்கு."

பிள்ளை ஒவ்வோர் அடியாக வந்து, நாயைச் சுற்றிப் போய், முயலை எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக் கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, அடிக்குது. டக்டக்குனு அடிக்குது."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இப்போது சாத்த வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

நாய் திமிறியது. அறைப் பக்கம் அல்ல, வாசல் பக்கம். பெட்டி போன வழியைப் பார்த்து முனகியது. அவள் பிடித்திருந்த நேரமெல்லாம் அது முயலுக்காகவா, பெட்டிக்காகவா காதை விறைத்தது என்று அனற்றுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

வீடு கழுவ வாளியோடு வந்த சந்திரிகா அவளைக் கண்டு திகைத்து நின்றாள்.

"டீச்சர், இன்னும் இங்கயா? ஓடுங்க. பள்ளத்து வளைவு இன்னும் தாண்டியிருக்க மாட்டாங்க."

"போறேன்" என்றாள் அனற்.

ஆனால் கை வரவில்லை. நாயின் மயிருக்குள் பின்னிய விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. சந்திரிகா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.